தரையில் உட்கார்ந்து கேட்டவர்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் அக்டோபர் 15 வந்துவிட்டால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் விழா இருக்கும். கலாம் பிறந்தநாள். பேச்சுப் போட்டி, அட்டை ராக்கெட், தெர்மாகோல் விமானம் என்று பிள்ளைகள் அமர்க்களப்படுத்துவார்கள். அப்படி ஒரு விழாவில் விமான வரலாற்றைப் பற்றிச் சுவர் முழுக்க அட்டைகள் ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு அட்டை முன்னால் நின்றுவிட்டேன். கலாம் ராமேஸ்வரத்தில் பிறந்தது 1931 அக்டோபர் 15. அவருக்குச் சரியாக ஒரு வயது நிறைந்த நாளில், 1932 அக்டோபர் 15 அன்று, ஜே.ஆர்.டி. டாட்டா தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு கராச்சியில் இருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு புஸ் மாத் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டு தேதிகளையும் இணைத்து எழுதிய பையன் பக்கத்திலேயே நின்றான். "கீழே இருந்து இவங்களுக்கு வழி சொன்னது யாரு தம்பி?" என்று கேட்டேன். "அந்த விமானத்துல ரேடியோவே கிடையாது சார்" என்றான் பட்டென்று. சரியான பதில். நன்றாகப் படித்திருந்தான்.

ஆனாலும் அந்தப் பதில் எனக்குள் அடங்கவில்லை. 1932-ல் அந்தத் தபால் விமானத்தில் ரேடியோ இல்லை, சரி. பத்து வருடத்துக்குள் வந்துவிட்டதே. வந்தபோது யாரோ ஒருவர் ஒரு அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் பென்சிலும் இன்னொரு கையில் சாவியுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை, தந்தி அடிக்கிற மோர்ஸ் சாவி. அந்தச் சுவரில் இருந்த எல்லா அட்டையிலும் விமானிகள் இருந்தார்கள். கண்ணாடி மாட்டிய விமானி, கைகாட்டும் விமானி, மாலை போட்ட விமானி. தரையில் உட்கார்ந்து கேட்டவர் ஒருவர்கூட இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தை நான் குறை சொல்லவில்லை, உலகம் முழுக்க இப்படித்தான். எங்கள் கடற்கரையில் இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் பெயரை இன்றும் ஒவ்வொன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் பேசியது ஊருக்கே கேட்டது. ஒரே ஒரு விமானத்துக்கு மட்டும் கேட்கும்படி வேலை பார்த்தவரை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் விமானம் பத்திரமாக இறங்கியிருக்கும், அன்றைக்குச் சொல்ல ஒரு கதையும் இருந்திருக்காது. இது நியாயமில்லை என்று எனக்கு அன்றும் பட்டது, இன்றும் படுகிறது.

மண்டபத்தின் மேல் ஒரு கோடு

வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தேன். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரத்மலானை விமான நிலையத்தில் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27 அன்று. ஓட்டி வந்தவர் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ. 1938 பிப்ரவரியில் டாட்டாவின் தபால் விமானம் திருச்சி வழியாகக் கொழும்புவரை நீண்டது. சரி, திருச்சியில் இருந்து இரத்மலானைக்கு ஸ்கேலை வைத்து ஒரு கோடு போடுவோம் என்று போட்டால், கோடு நேராக மண்டபத்தின் மேல் விழுகிறது. எங்கள் ஊர் மேல். அதற்கப்புறம் மன்னார் வளைகுடா. நேராகவே போனால் கொழும்பை நெருங்கும்வரை கீழே தண்ணீர்தான், கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். புஸ் மாத் மாதிரி ஒரு விமானத்துக்கு அது ஒன்றரை மணி நேரம்.

அந்தக் காலத்து விமானிகள் ரயில் தண்டவாளத்தைப் பார்த்துப் பறந்தார்கள். ரயில்பாதை இருக்கும்வரை வழி தவறாது. 1914-ல் திறந்த பாம்பன் பாலம் மேலே இருந்து பார்த்தால் எவ்வளவு தெளிவான அடையாளமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் தண்டவாளம் தனுஷ்கோடியில் முடிந்துவிடும். போட் மெயிலில் வருகிற பயணி அங்கே இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னார் போவார். அதற்கும் முன்னால் மண்டபம் கேம்பில் தங்க வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். தலைக்கு மேலே தபால் மட்டும் பறந்து போயிருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில், ஐப்பசி கார்த்திகை மேகத்துக்குள், கீழே தண்டவாளமும் இல்லாமல் கடல் மேல் போகிற ஆளுக்குக் கண்ணால் ஆகிற காரியம் ஒன்றுமில்லை. எவரோ ஒருவர் காதால் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை எப்படிச் செய்தார்கள் என்று புத்தகத்தில் படித்தபோது எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. ஏறியது மாமாவால்.

மாமாவின் டிரான்சிஸ்டர்

அம்மாவின் பெரியப்பா மகன், எனக்கு மாமா முறை. எண்பதைத் தாண்டியவர். சிவில் ஏவியேஷனில் ரேடியோ ஆபரேட்டராகச் சேர்ந்து, மீனம்பாக்கத்திலும் வடக்கே சில ஊர்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவரைப் பற்றிக் கேட்டால் "ஏர்போர்ட்ல வேலை பார்த்தாரு" என்பார்கள், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் எவ்வளவோ பேசியிருக்கிறோம், அவர் அங்கே என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், "மாமா, விமானம் எந்தப் பக்கம் இருக்குன்னு ரேடியோவ வச்சு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். எழுந்து உள்ளே போய் ஒரு பழைய டிரான்சிஸ்டரை எடுத்து வந்தார். மீடியம் வேவில் திருச்சி வானொலியைப் பிடித்தார். நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப பாரு மாப்ள." மேசைமேல் வைத்து ரேடியோவை மெல்லத் திருப்பினார். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு இடத்தில் நாகஸ்வரம் சுத்தமாகக் காணாமல் போய் வெறும் இரைச்சல் மட்டும் இருந்தது. ஒரு மயிரிழை திருப்பினால் திரும்ப வந்துவிட்டது. காணாமல் போன இடத்திலேயே ரேடியோவை நிறுத்தினார். "இந்தப் பொட்டி இப்ப எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கோ, அதே கோட்டுலதான் திருச்சி இருக்கு." செல்போனில் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். வடக்கு, கொஞ்சம் மேற்கே சாய்ந்து. வரைபடத்தில் திருச்சி இருக்கும் அதே திசை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

சத்தம் அதிகமாகக் கேட்கிற திசையைத் தேடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். தேடுவது சத்தம் செத்துப்போகிற இடத்தை. காரணம் ரொம்ப எளிது: சத்தம் உச்சத்தில் இருக்கும்போது பத்து டிகிரி இப்படி அப்படித் திருப்பினாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது, அற்றுப்போகிற இடமோ ஊசிமுனை போல இருக்கும். அதை 'மினிமம்' என்பார்கள். அக்காலத்து நிலையத்தில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு பெரிய கம்பிச் சட்டங்கள் நிற்கும், ஆபரேட்டர் முன்னால் ஒரு குமிழ் இருக்கும். மேலே இருந்து 'கியூ.டி.எம்.' என்று மோர்ஸில் கேள்வி வரும். உன்னிடம் வந்து சேர நான் எந்தத் திசையில் பறக்க வேண்டும் என்று அர்த்தம். கேட்டுவிட்டு விமானத்தில் இருப்பவர் சாவியை அழுத்திப் பிடித்துக்கொள்வார், நீளமாக ஒரே ஓசை வரும். அது ஓடும் அந்தச் சில நொடிகளுக்குள் ஆபரேட்டர் குமிழைத் திருப்பி, மினிமத்தைப் பிடித்து, மூன்று எண்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். விமானி அந்த எண்களை நம்பி மூக்கைத் திருப்புவார்.

அப்புறம் மாமா சொன்ன விஷயம்தான் என்னை அசைத்தது. "இதுல ஒரு சிக்கல் இருக்கு. இந்தக் கோடு திருச்சிப் பக்கமும் போகுது, எதிர்ப் பக்கமும் போகுது. எதிர்ப் பக்கம் என்ன இருக்கு?" கொழும்பு. நான் ஸ்கேல் வைத்துப் போட்ட அதே கோடு. "பொட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான். திருச்சியா கொழும்பான்னு அது சொல்லாது." அதைத் தீர்க்க இன்னொரு ஏரியலைச் சேர்த்துச் சோதிப்பார்களாம், அதற்கும் நேரமில்லாவிட்டால் விமானம் கிளம்பிய மணி, காற்று, வேகம் எல்லாவற்றையும் மனதில் போட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தப்பினால் ஒரு டிகிரி இரண்டு டிகிரி இல்லை, நூற்றியெண்பது டிகிரி. வீட்டுக்கு வர வேண்டியவன் நடுக்கடலைப் பார்த்துப் போவான்.

எண்ணோடு சேர்த்து நம்பிக்கையின் அளவையும் சொல்ல வேண்டும் என்பது விதி. ஏ வகுப்பு என்றால் இரண்டு டிகிரிக்குள் சரி, பி என்றால் ஐந்துக்குள், சி என்றால் பத்துக்குள். 250 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி பிசகினால் நான்கு கிலோமீட்டருக்கு மேல் விலகல், பத்து டிகிரி என்றால் நாற்பதைத் தாண்டிவிடும். பெருமைக்காக சி-யை ஏ என்று சொல்லிவிடக் கூடாது. தனக்கு எவ்வளவு தெரியும் என்பதை ஒரு மனிதன் பதற்றத்தில் இருக்கும் இன்னொரு மனிதனிடம், சில நொடிகளில், ஒளிக்காமல் சொல்வதைத் தொழிலின் விதியாகவே வைத்திருந்தார்கள். இதைவிட நேர்மையான வேலை ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

மினிமம் கிடைக்கவில்லை

அமெரிக்க விமானி அமெலியா ஏர்ஹார்ட்டின் கதை எல்லோருக்கும் தெரியும். 1937 ஜூன் மாதம் கராச்சியிலும் கல்கத்தாவிலும் இறங்கிப் போனவர், ஜூலை 2 அன்று பசிபிக் கடலில் ஹவ்லேண்ட் தீவைத் தேடிக் காணாமல் போனார். அவரைப் பற்றி எழுதியவர்கள் அதிகம். அந்தத் தீவின் பக்கத்தில் நின்று அவருக்காகக் காத்திருந்த இட்டாஸ்கா என்ற கப்பலின் ரேடியோ அறையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. தலைமை ஆபரேட்டர் லியோ பெல்லார்ட்சும் அவருடன் இருந்தவர்களும் விடிய விடிய கேட்டார்கள், கூப்பிட்டார்கள், நிமிடத்துக்கு நிமிடம் பதிவேட்டில் தட்டச்சு செய்தார்கள். காலையில் அவர் குரல் அவ்வளவு பலமாகக் கேட்டது. பெட்ரோல் குறைகிறது, உங்கள் மேல்தான் இருக்க வேண்டும், ஆனால் உங்களைப் பார்க்க முடியவில்லை என்றார். அவர் கேட்டுக்கொண்டபடி 7500 கிலோஹெர்ட்ஸில் கப்பல் சிக்னல் அனுப்பியது. அதற்கு அவர் சொன்ன பதில் பதிவேட்டில் இருக்கிறது: உங்கள் சிக்னல் கிடைத்தது, ஆனால் மினிமம் பிடிக்க முடியவில்லை, நீங்கள் என் திசையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்த வரியை முன்னாலேயே படித்திருக்கிறேன், கடந்து போயிருக்கிறேன். மாமா டிரான்சிஸ்டரைத் திருப்பிக் காட்டிய பிறகு படித்தபோது கை நடுங்கியது. அந்த அலைவரிசை அவருடைய திசை காட்டும் கருவிக்கு ரொம்ப உயரம், எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தம் அற்றுப்போகவே இல்லை. கப்பலின் கருவியோ அவர் பேசிய 3105 கிலோஹெர்ட்ஸில் திசை பார்க்க முடியாதது. தாழ்ந்த அலைவரிசைக்கு உதவும் நீளமான தொங்கு ஏரியலை அவர் புறப்படும்போதே விட்டுவிட்டார். இரண்டு பக்கமும் திறமையான ஆட்கள், அவர் குரல் கப்பலுக்குத் தெளிவாகக் கேட்கிறது, ஆனாலும் அந்த ஒரு கோடு கிடைக்கவில்லை. விமானியின் துணிச்சலைப் பாடுகிற நாம், தெளிவாகக் கேட்கும் ஒரு குரலுக்கு உதவ முடியாமல் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

கேட்பது என்கிற உத்தியோகம்

அமெரிக்காவில் இந்த வேலை 1920 ஆகஸ்ட் 20 அன்று தொடங்கியது என்பார்கள். தபால் விமானங்கள் இறங்கும் திடல்களில் ரேடியோ நிலையம் வைக்க அந்தத் தேதியில்தான் தபால் துறை உத்தரவு போட்டது. ஆரம்பத்தில் விமானத்தோடு பேச்சு கிடையாது, ஒரு திடலுக்கும் அடுத்த திடலுக்கும் இடையே வானிலையும் விமானம் கிளம்பிய நேரமும் மட்டும்தான். 1921 பிப்ரவரியில் ஜாக் நைட் என்ற விமானி இரவில் தபால் ஓட்டிப் போனபோது வழிநெடுக ஊர்க்காரர்கள் தீமூட்டி வெளிச்சம் காட்டினார்கள். அந்த இரவு அமெரிக்கர்களுக்குக் காவியம். தீமூட்டியவர்களாவது கதையில் இருக்கிறார்கள். பின்னால் வந்த நிலையங்கள் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடின. மணிக்கு மணி மேகம் பார்த்து, காற்றை அளந்து, அறிக்கை அனுப்பி, ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றி, பாலைவனத்திலும் மலை உச்சியிலும் குடும்பத்தோடு குடியிருந்தவர்கள் அந்த ஊழியர்கள். 1930-களில் அங்கே விமானியின் காதிலேயே வழி போட்டார்கள்: பாதைக்கு ஒரு பக்கம் விலகினால் மோர்ஸில் 'ஏ' (புள்ளி, கோடு), அடுத்த பக்கம் விலகினால் 'என்' (கோடு, புள்ளி), நடுவில் சரியாகப் போனால் இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தி ஒரே ரீங்காரம். மாமா இதை மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். வலது கை ஒன்று, இடது கை ஒன்று.

நம்முடைய வெப்ப நாட்டில் அந்த ஏற்பாடு அவ்வளவு சுகமாக இருக்காது. இடி மின்னல் அதிகம், தாழ்ந்த அலைவரிசைகளில் கரகரப்பு காதைப் பிளக்கும். பொழுது சாயும் நேரம் இன்னும் மோசம். வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வரும் அலையும் நேரே வரும் அலையும் கலந்து மினிமம் மங்கிவிடும். அதற்கு அட்காக் என்பவர் வேறு மாதிரி ஏரியல் கண்டுபிடித்தார், 1930-களில் அது பரவியது. ஆனால் கருவி எவ்வளவு முன்னேறினாலும் கரகரப்புக்குள் இருந்து ஒரு மெல்லிய ஓசையைப் பிரித்தெடுத்தது காதுதான். "எட்டு மணி நேர டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்தாலும் மிக்ஸி சத்தத்துல எனக்கு மோர்ஸ் கேக்கும்" என்று மாமா அத்தையை வைத்துக்கொண்டே சொன்னார். அத்தை மறுக்கவில்லை.

கப்பல்களுக்கான நிலையங்களில் இன்னொரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு மணி நேரத்திலும் 15-ஆம் நிமிடத்தில் இருந்து மூன்று நிமிடம், 45-ஆம் நிமிடத்தில் இருந்து மூன்று நிமிடம், 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் அனுப்பக் கூடாது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும், எங்காவது பலவீனமான அபாயக் குரல் இருந்தால் அது மட்டும் கேட்கட்டும் என்று. மறக்காமல் இருக்க ரேடியோ அறைக் கடிகாரத்தில் அந்த இரண்டு துண்டுகளுக்கும் சிவப்புச் சாயம் அடித்திருப்பார்கள். கடல் முழுவதும் ஒரே நேரத்தில் அமைதியாகி ஒருவருக்காகக் காது கொடுக்கும் ஏற்பாட்டை மனிதர்கள் செய்து, பல பத்தாண்டுகள் கடைப்பிடித்தார்கள்.

எங்கள் கரைக்கு இது புத்தக விஷயம் இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் எடுத்தபோது, பாம்பனில் இருந்து போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் அலைக்குள் போனது. கம்பிகள் அறுந்து, அங்கே என்ன நடந்தது என்பது வெளியே தெரியவே நேரம் பிடித்தது. இங்கே வயதானவர்கள் அந்த இரவைப் பற்றிப் பேசும்போது காற்றைவிட அதற்கப்புறம் ஒரு தகவலும் வராததைத்தான் அதிகம் பேசுவார்கள். இன்றும் பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் பல வீடுகளில் அடுத்த நாள் முடிவாகும். விசைப்படகுகளில் வி.எச்.எஃப். செட் இருக்கிறது, கரையில் அதைக் கேட்டுக்கொண்டு யாராவது இருப்பார்கள். படகு பேசாவிட்டால் அவருக்குத் தூக்கம் கிடையாது. அவரிடம் போய் ஏர்ஹார்ட் கதையைச் சொன்னால் எனக்குப் பல நாள் பிடித்தது அவருக்கு உடனே புரியும்.

இப்போதெல்லாம் மாமாவைப் பார்க்கப் போகும்போது செல்போனில் அவர் பேசுவதைப் பதிவு செய்கிறேன். பதிவேடுகள் எல்லாம் எப்போதோ கழித்துக் கட்டப்பட்டிருக்கும், அதனால் நினைவில் இருப்பதையாவது வாங்கிவிட வேண்டும். எந்த அலைவரிசை, எந்த ஷிஃப்ட், இரவில் என்ன சாப்பிட்டீர்கள், பயந்த இரவு எது, எல்லாவற்றையும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் சிவில் ஏவியேஷனிலோ, கடற்படையிலோ, தந்தித் துறையிலோ சாவி பிடித்த ஒருவர் இருந்தால் நீங்களும் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மாமா என்னிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். மீனம்பாக்கத்தில் இருந்தபோது கொழும்பு நிலையத்தில் எதிர்முனையில் ஒருவர் இருந்தாராம். மோர்ஸ் அடிப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு, இரண்டு எழுத்து கேட்டாலே யார் என்று தெரிந்துவிடும். அந்தக் கொழும்பு ஆபரேட்டர் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுத்து அடிப்பார், அவசரமே படமாட்டார், இடி நேரத்தில் கேட்காமலேயே ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை அனுப்புவார். வருடக்கணக்கில் இரவு ஷிஃப்டில் ஒருவருக்கொருவர் குட்நைட் சொல்லியிருக்கிறார்கள், பெயர் கேட்டுக்கொண்டதில்லை. "தமிழ் ஆளா சிங்கள ஆளான்னுகூடத் தெரியாது மாப்ள, ஆனா நல்ல மனுசன். யாருன்னு விசாரிச்சுச் சொல்லு" என்றார். கொழும்பில் இருக்கும் ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறேன். அங்கே ஓய்வு பெற்ற ஆபரேட்டர்கள் யாரையாவது தெரிந்தவர்களைப் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசிக் கோட்டை இழுத்து அடிப்பவர் என்ற அடையாளத்தையும் மறக்காமல் சேர்த்து எழுதச் சொன்னார் மாமா, எழுதிவிட்டேன்.